பின்னால் நடப்பவருக்கு யார் சொல்வது?

வாருங்கள், எல்லோரும் சௌக்கியம்தானே? முட்டிவலிக்காரர்களுக்கு முட்டி எப்படி இருக்கிறது? தூக்கம் வராதவர்களுக்குத் தூக்கம் வந்ததா? போட வேண்டிய மாத்திரையைப் போட்டுவிட்டு உட்காருங்கள். கதை கொஞ்சம் நீளம்.

டேப்பக்கா என்று ஒருத்தி. வயது ஐம்பத்து நான்கு. வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கிக் கொடுப்பதுதான் தொழில். ஆறு ஆட்கள், ஒரு மூடிய வேன். இடுப்பில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அதனால் ஆட்களுக்கு அவள் டேப்பக்கா, அண்ணன் மனைவிக்கு வெறும் டேப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

அவள் தொழிலில் இரண்டு சட்டம். முதலாவது, வெறுங்கை நடை. பீரோவோ கட்டிலோ, தூக்குவதற்கு முன்னால் கையை வீசிக்கொண்டு வழி முழுக்க ஒரு தடவை நடந்துவிட வேண்டும். வாசல் எத்தனை அங்குலம், படி எங்கே திரும்புகிறது, எந்த பல்பு தாழத் தொங்குகிறது, மிதியடி வழுக்குமா என்று எல்லாம் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள்.

இரண்டாவது சட்டம் படிக்கட்டுக்கானது. இரண்டு பேர் ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் ஒருவன் பின்பக்கமாகத்தான் நடந்தாக வேண்டும். அவனுக்கு வழி தெரியாது. எதிரில் இருப்பவன் வாய் ஓயாமல் சொல்ல வேண்டும்: படி, படி, திரும்பு, சுவர், இன்னொரு படி. ஒரு தடவை ஒரு உம்மணாமூஞ்சி ஆள் சொல்லாமல் விட்டான். பின்பக்கமாக நடந்த நெட்டை என்ற ஆள், ஃப்ரிட்ஜோடு விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். உம்மணாமூஞ்சிக்கு அன்று சாயங்காலமே வேலை போனது. நெட்டை பதினெட்டு வருடமாக இன்னும் டேப்பக்காவிடம்தான் இருக்கிறான், அந்தப் பல் இல்லாமல்.

டேப்பக்காவுக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எண் எழுதும் வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்து மூன்று. பேச்சு என்றால் அவருக்கு ஆகாது. வந்தவர்களை வாங்க என்பார், போகும்போது சரி என்பார், நடுவில் ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்டவருக்கு நான்கு மாதமாகக் குரல் கரகரத்தது. அவருக்கே தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை. மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குரல்வளையில் கட்டி. சதையை வெட்டி எடுத்துப் பார்த்ததில் கெட்ட கட்டி என்று வந்தது.

தொண்டை டாக்டரம்மாவின் அறை மூன்றாவது மாடி. மேசை மேல் பிளாஸ்டிக் தொண்டை ஒன்று, துண்டு துண்டாகக் கழற்றுவது மாதிரி. டாக்டர் அதில் குரல்வளையைக் கழற்றி எடுத்து மேசையில் வைத்தார். பிறகு ஒரு தாளில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து என்று வட்டம் போட்டார்.

"இது உங்களை மாதிரி நூறு பேர். ஆப்பரேஷன் பண்ணி குரல்வளையை முழுசா எடுத்துட்டா, அஞ்சு வருஷம் கழிச்சு அறுபது பேர் இருப்பாங்க." அறுபது வட்டத்தில் கோடு போட்டார். "ஆனா கழுத்துல ஓட்டை வழியாத்தான் மூச்சு. இப்ப இருக்கிற குரல் திரும்ப வராது."

"இன்னொரு வழி?" என்றாள் டேப்பக்கா.

"கதிர்வீச்சு. கரண்ட் வைக்கிறதுன்னு சொல்வீங்கள்ல, அது. கூடவே மருந்து. ஏழு வாரம். குரல் கொஞ்சம் கரகரன்னாலும் இருக்கும். அஞ்சு வருஷத்துல அம்பது பேர் இருப்பாங்க. இந்த நூறு பேர்ல இருபது, இருபத்தஞ்சு பேருக்குப் பின்னால ஆப்பரேஷன் பண்ண வேண்டி வரும். அப்ப புண்ணு ஆற ரொம்ப நாளாகும்."

அதையும் இன்னொரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினார். டேப்பக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பத்து வட்டம் வித்தியாசம். அவள் தொழிலில் அரை அங்குலத்துக்காக ஒரு சோபாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். பத்து வட்டம் என்பது எவ்வளவு பெரிய இடைவெளி!

"ஆப்பரேஷன்தான் டாக்டர். எங்க அண்ணனுக்குக் குரல் போறதுல ஒண்ணும் பெரிய நட்டம் இல்ல. எங்க வீட்டு டேபிள் ஃபேன் இவரைவிட அதிகமாப் பேசும்."

டாக்டர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரித்தார். சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார். அதை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"வீட்ல யார் இருக்காங்க?"

"அண்ணி இருக்காங்க. எல்லாம் அவங்கதான் பாத்துக்குறாங்க."

"நல்லது. ஆரம்பத்துல எழுதிக் காட்டிப் பேசிக்கலாம். அப்புறம் ஒரு சின்ன வால்வு வைப்போம். பத்துப் பேர்ல ஏழெட்டுப் பேருக்கு ஒரு மாதிரி பேச்சு வந்துரும். மாசக்கணக்கா ஆகலாம். சிலருக்கு வராமலும் போகலாம். ஆப்பரேஷன்னா வியாழக்கிழமை பண்ணிரலாம். அதுக்குள்ள யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

அதன் பிறகு டேப்பக்கா தன் வெறுங்கை நடையை ஆரம்பித்தாள். நோட்டில் இருபத்து மூன்று கேள்வி. தீவிர சிகிச்சையில் எத்தனை நாள்? ஓட்டையில் சளி அடைத்தால் யார் எடுப்பது? எடுக்கும் மெஷின் கரண்ட் போனால் ஓடுமா? குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகாமல் என்ன கட்டுவது? கட்டில் எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும்? டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "பத்து வருஷத்துல இவ்வளவு கேள்வி யாரும் என்னைக் கேட்டதில்லம்மா" என்றார். டேப்பக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. போகிற வழியில் ஒரு சிலேட்டும் ஒரு டப்பா சாக்பீஸும் ஒரு விசிலும் வாங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் மட்டும் அண்ணன் வீட்டுக்குப் போய்வர அனுமதி கிடைத்தது. அன்றைக்கு ஒத்திகை என்று டேப்பக்கா முடிவு பண்ணியிருந்தாள். கட்டிலை முன்னறைக்கு மாற்ற நெட்டையையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, பத்து மணியிலேருந்து பன்னெண்டு வரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது. வேணுங்கிறதை எழுதிக் காட்டு. அவசரம்னா விசில். எங்கெங்க இடிக்குதுன்னு இப்பவே பாத்துரலாம்."

"நல்லாப் பாரு" என்றாள் அண்ணி சமையலறையிலிருந்து. "இவரு ரெண்டு மணி நேரம் பேசலைன்னா எனக்கு வித்தியாசமே தெரியாது."

பத்து மணிக்கு டேப்பக்கா கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தட்டினாள். ஒத்திகை ஆரம்பம்.

பத்து நான்குக்கு அண்ணன் சிலேட்டில் 'டீ' என்று எழுதி, எழுந்து போய் அண்ணியின் முகத்துக்கு நேரே பிடித்தார். அண்ணி அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அண்ணி துணியைப் பிழிந்தாள். நெட்டை ஒரு தடவை சிலேட்டைப் பார்த்தான், ஒரு தடவை அண்ணியைப் பார்த்தான், பிறகு கட்டிலின் திருகாணியைப் பார்க்க ஆரம்பித்தான்.

அண்ணிக்குக் கண் தெரியாது.

பத்து வருடமாகத் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்து, கடைசியில் நடுவும் போய்விட்டது. ஆனால் அவள் சமைக்கிறாள், துவைக்கிறாள், வந்தவர்களிடம் வம்பு பேசுகிறாள். அண்ணிக்குக் கண் தெரியாது என்பது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் நினைவிலேயே இருக்காது. டேப்பக்காவுக்கும் டாக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை. 'நீங்க எதுக்கு அண்ணி மூணு மாடி ஏறி அலையணும்' என்று அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் இல்லை.

டேப்பக்கா சிலேட்டை வாங்கிக் கீழே வைத்தாள். ஆனாலும் விடவில்லை. "அதான் விசில் இருக்கே" என்றாள், யாரும் கேட்காமலே. கழுத்து ஓட்டை வழியாக மூச்சு விடப்போகிறவர் விசிலை எப்படி ஊதுவார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பத்து பதினொன்றுக்கு அண்ணி வெந்நீர்க் கெட்டிலோடு சமையலறையிலிருந்து புறப்பட்டாள். தன் வீட்டில் அவள் நடக்கும் வேகம் கண் இருப்பவர்களுக்கே வராது. நெட்டை கழற்றிய கட்டில் சட்டத்தை நடையில் சாய்த்து வைத்திருந்தான், சரியாக முழங்கால் உயரத்துக்கு. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு விசிலை ஊதினார். அண்ணி, "வர்றேன், வர்றேன், என்ன அவசரம்" என்று இன்னும் வேகமாக வந்தாள். அண்ணன் மறுபடி ஊதினார். அவள் ஓட்டமே பிடித்தாள்.

"நில்லு! வலது பக்கம் கட்டில் சட்டம்!"

அண்ணி நின்றாள். முழங்காலுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. கெட்டிலின் மூக்கிலிருந்து கொஞ்சம் வெந்நீர் தரையில் சிந்தி ஆவி வந்தது. விசில் அண்ணனின் கையில் இருந்தது.

இரண்டு மணி நேர ஒத்திகை பதினோரு நிமிடம் ஓடியது.

நெட்டைதான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. பின்னால நடக்கிறவங்களுக்கு யாரு சொல்றது?"

டேப்பக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அண்ணன் பேசாத ஆள் என்று ஊரே சொல்லும். ஆனால் அந்த வீட்டுக்குள் நாள் முழுக்க அவர் ஏதாவது ஒரு சொல் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். படி. கதவு திறந்திருக்கு. சூடு. ஸ்டூல் நகர்ந்திருக்கு. இடது. அதைப் பேச்சு என்று யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவளே வந்து உட்கார்ந்திருக்கும்போது எத்தனையோ தடவை காதில் விழுந்திருக்கிறது, மழைச் சத்தம் விழுவது போல.

"ஏம்மா டேப்பு" என்றாள் அண்ணி, கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு. "டாக்டர் என்ன சொன்னாங்கன்னு எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே. இவரைக் கேட்டா 'சரியாயிடும்'ங்கறாரு. நீ சொல்லு, முழுசா."

டேப்பக்கா சொன்னாள். வட்டத்தை எல்லாம் சொன்னாள். அறுபது, ஐம்பது, பின்னால் வெட்ட வேண்டி வருகிற இருபத்தைந்து, பேச்சு வருகிற ஏழெட்டு.

"எனக்குக் கரண்டே போதும்" என்றார் அண்ணன்.

"போதும்னு யாருக்காகச் சொல்றீங்க? உங்களுக்கா எனக்கா?"

"உனக்குத்தான்."

"அப்ப எனக்கு வேண்டாம். என் பேரைச் சொல்லிப் பத்து வட்டத்தை அழிக்க நான் சொன்னேனா? சிலேட்டுல எழுதறவரோட எப்படியாவது குடும்பம் நடத்தலாம். செத்துப்போனவரு சிலேட்டுலயும் எழுத மாட்டாரு."

"வாயை மூடு."

"நீங்க திறங்க முதல்ல!"

நெட்டை மெல்ல வாசலுக்கு நழுவினான். டேப்பக்கா நோட்டைத் திறந்து தன் இருபத்து மூன்று கேள்விகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். எல்லாம் டாக்டரிடம் கேட்டது. அண்ணனிடம் கேட்டது ஒன்றுமில்லை. அவள் செய்த தப்பு என்ன என்று அப்போதுதான் உறைத்தது. பீரோவிடம் யாராவது கேட்டுவிட்டா தூக்குகிறோம்? வாசலை அளப்போம், படியை அளப்போம், பீரோவையும் அளப்போம், ஆனால் அதனிடம் எதுவும் கேட்க மாட்டோம். முப்பது வருடத் தொழில் புத்தி அண்ணனிடமும் அப்படியே வேலை செய்திருந்தது.

"அண்ணே, உனக்கு என்னதான் வேணும்? நீ சொல்லு."

அண்ணி ஏதோ சொல்ல வந்தாள். டேப்பக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பத்து வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார் அண்ணன், அந்தக் கரகரத்த குரலில். "நான் போயிட்டா இவளுக்குப் படி யாரு சொல்லுவான்னு. கரண்ட் வச்சா குரல் இருக்கும். ஆனா ஆள் போயிட்டா குரலும் சேர்ந்துதான் போகும். குரல் மட்டும் போறதுன்னா, நான் பக்கத்துல நின்னு வேற மாதிரி பழக்கிவிடலாம்ல?" மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆப்பரேஷனே பண்ணிக்கிறேன். ஆனா வியாழக்கிழமை வேண்டாம். பத்து நாள் கேட்டு வாங்கு."

அந்த மனிதர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அந்தக் குடும்பம் கேட்டதில்லை.

மறுநாள் அண்ணியும் மூன்று மாடி ஏறினாள். டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "இவங்களுக்குக் கண் தெரியாதுன்னு ஏன் யாருமே சொல்லல?"

"எங்களுக்கே ஞாபகம் இல்ல டாக்டர்" என்றாள் டேப்பக்கா. அது பொய்யில்லை.

டாக்டர் பிளாஸ்டிக் குரல்வளையை அண்ணியின் உள்ளங்கையில் வைத்து, எதை எடுக்கப் போகிறோம், ஓட்டை எங்கே வரும் என்று விரலைப் பிடித்துக் காட்டினார். பேச்சுப் பயிற்சி கொடுப்பவரை ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும் என்று சீட்டு எழுதினார். பத்து நாள் தள்ளிப்போனால் பெரிய வித்தியாசம் வராது, ஆனால் ஒரு மாதம் என்றால் சம்மதிக்க மாட்டேன் என்றார். வீட்டுக்கு அனுப்புகிறேன், மூச்சுச் சத்தம் கூடினால் அந்த நிமிஷமே வந்துவிட வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்.

"டாக்டர்" என்றாள் அண்ணி, பிளாஸ்டிக்கை விடாமல். "அந்த அறுபதுல இவரு இருப்பாரா, மிச்சம் நாப்பதுலயா?"

"தெரியாதும்மா. நூறு பேருக்குத்தான் கணக்கு தெரியும். ஒருத்தருக்குத் தெரியாது."

"சரி. தெரியாதுன்னு சொன்னீங்களே, அது போதும்."

அந்தப் பத்து நாள் அந்த வீட்டில் நடந்த கூத்தைத் தனியாக எழுத வேண்டும். மீட்டர் மூடியைத் தூக்குகிற பழைய இரும்புச் சாவி ஒன்று அண்ணனிடம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். சுவரிலோ மேசையிலோ ஒரு தட்டு என்றால் நில். இரண்டு என்றால் இடது. மூன்று வலது. படபடவென்று சேர்த்துத் தட்டினால் படி. கரகரவென்று இழுத்தால் சூடு.

"மெதுவாத் தட்டுங்க. போலீஸ்காரன் கதவைத் தட்டுற மாதிரி தட்டாதீங்க, காலு நடுங்குது."

"சரி."

"பேசிட்டீங்க! ஆட்டம் போச்சு. முதல்லேருந்து."

டேப்பக்கா தினமும் வேலை முடிந்து வந்து, ஸ்டூலையும் பக்கெட்டையும் வேண்டுமென்றே வழியில் வைத்து, நேரத்தைக் குறித்தாள். முதல் நாள் பதினைந்து நிமிடம். மூன்றாம் நாள் நாற்பது. ஐந்தாம் நாள் அண்ணி ஒரு பக்கெட்டில் கால் இடறிக் கணுக்காலைப் பிசகிக்கொண்டு, "இடதுக்கும் வலதுக்கும் நடுவுல ஒரு தட்டுதான் வித்தியாசம், எண்ணிக்கிட்டே எப்படி நடக்கிறது?" என்று கத்தினாள். அண்ணன் வலதை மாற்றினார்: இனிமேல் மூன்று தட்டு இல்லை, இடைவெளி விட்டு இரண்டு. எட்டாம் நாள் காலை எழுந்ததிலிருந்து சாயங்காலம் வரை ஒரு சொல் இல்லாமல் ஓடியது. அன்றைக்கு அண்ணி மட்டும் நிறுத்தாமல் பேசினாள், இரண்டு பேருக்கும் சேர்த்து.

ஆப்பரேஷன் அன்று காலை அண்ணனைத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். மோதிரம், கைக்கடிகாரம், இரும்புச் சாவி எல்லாவற்றையும் வாங்கி ஒரு பையில் போட்டு டேப்பக்காவிடம் கொடுத்தார்கள். அண்ணி கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். டேப்பக்கா பின்னால். அவள் ஃபோனில் ஒலிப்பதிவை ஓடவிட்டிருந்தாள். அண்ணன் கடைசியாக என்ன சொல்கிறாரோ, அது வீட்டில் இருக்கட்டும் என்று ஒரு எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை.

லிஃப்ட் வாசலில் தரையை விட உயரமாக ஓர் இரும்புப் பட்டை. அண்ணன் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். விரல் முட்டியால் கம்பியில் படபடவென்று தட்டினார். அண்ணி காலைத் தூக்கி வைத்து உள்ளே போனாள்.

மேலே, தியேட்டர் கதவுக்கு முன்னால் கட்டில் நின்றது. "பேச வேண்டியது இருந்தா பேசிக்கங்க, ஒரு நிமிஷம்" என்றாள் நர்ஸ்.

அண்ணன் வாயைத் திறந்தார்.

"எதுக்கு?" என்றாள் அண்ணி. "பழக்கத்தைக் கெடுக்காதீங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். கதவு திறந்தது. நர்ஸ் தள்ள ஆரம்பிக்கும்போது கம்பியில் ஒரே ஒரு தட்டு கேட்டது. நில். அண்ணி கையை எடுத்துவிட்டு நின்றாள். கட்டில் உள்ளே போனது.

ஆப்பரேஷன் ஏழு மணி நேரம் நடந்தது. மூன்றாவது வாரம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். வால்வு வைத்தும் பேச்சு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. தட்டு போதும் என்கிறாள் அண்ணி. ஐந்து வருடம் ஆக இன்னும் நாள் கிடக்கிறது, அவர் எந்த வட்டம் என்று இப்போதும் யாருக்கும் தெரியாது. டேப்பக்கா தன் நோட்டில் இருபத்து நான்காவது கேள்வி ஒன்றை முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறாள், யார் வீட்டு நோயாளிக்கும் சேர்த்து: 'அவரைக் கேட்டாச்சா? கூட நடக்கிறவரையும் கேட்டாச்சா?' ஒலிப்பதிவு நான்கு நிமிடம். சக்கரச் சத்தம், லிஃப்ட் மணி, அண்ணியின் குரல், கம்பியில் தட்டு. அழிக்கவில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இந்த மாதிரி இரண்டு வழிக்கு நடுவில் நின்றதுண்டா? டாக்டர் சொன்ன கணக்கு என்ன, வீட்டில் யார் யார் என்ன சொன்னார்கள், படுத்திருந்தவர் என்ன சொன்னார்? கேட்காமல் விட்டது ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் கீழே எழுதுங்கள். எத்தனை நீளமானாலும் உட்கார்ந்து படிக்கிறேன்.